தழும்பில் தங்கும் கரு: கருவிக்கு முன் கண்டறிதல்

மருத்துவத்தில் புதிய முறையொன்று தோன்றும்போது அதன் கருவிகளைப் பற்றிய பேச்சே முதலில் எழுவது வழக்கம். அம்முறை யாருக்கு, எந்த வாரத்தில், எந்நிலையில் பயன்படும் என்னும் கேள்வி பின்னரே வருகிறது. சிசேரியன் தழும்பில் தங்கிய கருவை நுண்துளை அறுவையால் அகற்றும் முறைக்கும் இதுவே நேர்ந்துள்ளது. முறை சிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், அதன் பயன் முழுவதும் கர்ப்பத்தின் ஆறாம், ஏழாம் வாரங்களில் அந்நிலை கண்டறியப்படுவதைச் சார்ந்திருக்கிறது. ஆதலின், இதில் முதற் பொறுப்பு களப்பணியாளருடையது.

சிசேரியன் அறுவையில் கருப்பையின் முன்சுவரின் கீழ்ப்பகுதி வெட்டித் திறக்கப்பட்டுப் பின்னர்த் தைக்கப்படுகிறது. சில பெண்களுக்கு அவ்விடம் முழுமையாகக் கூடாமல் ஒரு சிறு குழிவு எஞ்சிவிடுகிறது. அடுத்த கர்ப்பத்தில் கருமுட்டை கருப்பையின் மேற்பகுதியில் பதியாமல் இக்குழிவிலேயே வேரூன்றக்கூடும். அதற்கு முன்னால் சிறுநீர்ப்பை. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய சுவர். கரு வளர வளர அச்சுவர் கிழியலாம். நச்சுக்கொடி தசையை ஊடுருவிச் சிறுநீர்ப்பை வரை செல்லலாம். சூலகக் குழாயில் கரு தங்குவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். தழும்பில் தங்கும் இவ்வகையோ 1978ஆம் ஆண்டில்தான் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழொன்றில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

இது மிக அரிதாயிற்றே, இதற்காகக் களப்பணியாளரின் சுமையைக் கூட்டுவது தகுமா என்று கேட்பாருண்டு. ஏறத்தாழ 2,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பதே நூல்களில் காணும் மதிப்பு. ஆயினும், தழும்பு இருந்தால்தான் இந்நோய் உண்டு. தழும்புகளோ நம் நாட்டில் விரைந்து பெருகி வருகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சிசேரியன் வழி நிகழ்ந்த பிறப்புகள் 2005-06இல் நூற்றுக்கு 8.5, 2015-16இல் 17.2, 2019-21இல் 21.5. இக்கடைசி ஆய்வில் தனியார் மருத்துவமனைப் பிறப்புகளில் மட்டும் இது 47.4. நேற்று அரிதாயிருந்தது நாளையும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணி வாளாவிருத்தல் பொருந்தாது.

இந்நோயின் கொடுமை, அது வேறொன்றாகத் தோற்றமளிப்பதில் உள்ளது. சிறுநீர்ச் சோதனை கர்ப்பம் என்றே காட்டும். சிலருக்குச் சிறிது உதிரப்போக்கோ அடிவயிற்று வலியோ இருக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் இராது. இதனைக் கருச்சிதைவு எனத் தவறாகக் கருதிக் கருப்பையைச் சுரண்டினால் பெரும் உதிரப்பெருக்கு ஏற்படலாம். காரணம் எளிது. கருப்பைத் தசை சுருங்கும் இயல்புடையது. அது சுருங்கும்போது அறுபட்ட இரத்தக்குழாய்கள் நெருக்குண்டு அடைபடுகின்றன. தழும்போ நார்த்திசு, அதற்குச் சுருங்கும் ஆற்றல் இல்லை. ஆதலின் குழாய்கள் திறந்தபடியே இருந்து இரத்தம் பெருகுகிறது. ஸ்கேன் பார்க்காமல் மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி உண்ணும் பழக்கம், முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு மும்மடங்கு எச்சரிக்கைக்குரியது.

இனி, நுண்துளை அறுவையைக் காண்போம். மனித வயிற்றினுள் உள்நோக்கிக் குழாயைச் செலுத்திப் பார்த்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யாக்கோபேயுஸ், ஆண்டு 1910. சூலகக் குழாயில் தங்கிய கருவை அக்குழாய் வழியே அகற்றியது 1973இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. தழும்பிலுள்ள கருவை அவ்வாறு அகற்றிய செய்தி 1999இல் தைவான் மருத்துவர்களிடமிருந்து வந்தது. முறை வருமாறு: பெண்ணுக்கு முழு மயக்கம் கொடுத்து, வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச்செய்து, தொப்புளருகே ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துளை வழியே லாபராஸ்கோப்பைச் செலுத்துகின்றனர். வேறு இரண்டு மூன்று சிறு துளைகள் வழியே கருவிகள் செல்கின்றன. முந்தைய அறுவையால் கருப்பையோடு ஒட்டிக்கொண்ட சிறுநீர்ப்பையை மெல்லப் பிரித்துக் கீழே தள்ளுகின்றனர். இரத்தக்குழாய்களைச் சுருக்கும் வாசோப்ரெசின் மருந்தைச் செலுத்தியோ, கருப்பைத் தமனிகளைத் தற்காலிகமாக அடைத்தோ உதிரப்பெருக்கைக் கட்டுப்படுத்துகின்றனர். பின்னர்க் கருவைப் பையோடு அகற்றி, நைந்த தழும்பு விளிம்புகளையும் வெட்டியெறிந்து, நல்ல தசையைத் தசையோடு சேர்த்துத் தைத்துவிடுகின்றனர்.

இம்முறையின் தனிச் சிறப்பு அக்கடைசிச் செயலில் இருக்கிறது. மருந்தோ உறிஞ்சிக் குழாயோ கருவை நீக்கலாம். பழைய குழிவு அப்படியே எஞ்சும். நுண்துளை அறுவை கருவையும் நீக்கிச் சுவரையும் செப்பனிடுகிறது. பெரிய வெட்டு இல்லாமையால் நோவு குறைவு, பெண் சில நாட்களில் வீடு திரும்பலாம், கருப்பையும் காக்கப்படுகிறது.

ஆயினும், இதனை எல்லாருக்கும் உரிய மருந்தாகப் போற்றுதல் தவறு. கரு சிறுநீர்ப்பையை நோக்கி வெளிப்புறமாக வளரும் வகைக்கு இது மிகப் பொருத்தம். கருப்பைக் குழியை நோக்கி வளரும் வகைக்கு ஸ்கேன் பார்த்தபடியே உறிஞ்சியெடுத்தல் போதுமானதாகலாம். சுவர் கிழிந்து இரத்தம் பெருகி, நாடி தளர்ந்துவிட்ட பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையே உயிர்காக்கும். மேலும், கருவி இருந்தால் மட்டும் போதாது. குழாய் வழியே தையலிடத் தேர்ந்த கை, மயக்க மருத்துவர், இரத்த வங்கி ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். இவையில்லாத ஊரில் லாபராஸ்கோப்பை வாங்கி வைப்பது அலமாரிக்கு அழகு சேர்ப்பதேயாகும். அமெரிக்கத் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அறுவையால் அகற்றுதல், ஸ்கேன் துணையுடன் உறிஞ்சுதல் ஆகிய இரண்டையும் ஏற்கிறது. சுரண்டுதலை மட்டும் நம்புவதையும், சிகிச்சையின்றிக் காத்திருப்பதையும் விலக்குகிறது.

இவ்வெல்லா வழிகளும் திறந்திருப்பது முதல் சில வாரங்களில்தான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு ஆறு, ஏழு வாரங்களில் கருப்பை ஸ்கேனில் தெளிவாகச் சொல்லும்: மேற்பகுதி வெறுமை; கருப்பைவாயும் வெறுமை; கருவின் பை மட்டும் முன்சுவரின் கீழ்த் தழும்பில். ஒன்பது வாரங்களைக் கடந்தால் கருவின் பை மேல்நோக்கி விரிந்து இயல்பான கர்ப்பம்போலத் தோன்றி ஏமாற்றும். இந்நிலையில், 2019-21 ஆய்வின்படி முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்கு வந்த தாய்மார் நூற்றுக்கு 70 பேரே. மாதந்தோறும் 9ஆம் தேதி நடைபெறும் பிரதான் மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ முகாம் 2016 முதல் பெரும்பணி ஆற்றி வருகிறது. ஆனால் அது நான்காம் மாதம் முதலான கர்ப்பிணிகளைக் கருதி அமைந்தது. தழும்பில் தங்கிய கரு அதுவரை காத்திராது.

ஆகவே வேண்டுவது யாதெனில், மாதவிலக்குத் தள்ளிப்போன செய்தி காதில் விழுந்தவுடனே ஆஷாவோ கிராமச் செவிலியரோ ஒரு கேள்வி கேட்டல்: முந்தைய பிரசவம் ஆபரேஷனா? ஆம் எனில், தாய்-சேய் நல அட்டையின் மேற்புறத்திலேயே அதனைக் குறித்து, ஏழாம் வாரத்துக்குள் ஸ்கேனுக்கு அனுப்புதல் வேண்டும். அனுப்பும் சீட்டில் ‘கர்ப்ப ஸ்கேன்’ என்று மட்டும் எழுதாமல் ‘பழைய சிசேரியன், தழும்பைப் பார்க்கவும்’ என எழுதுதல் வேண்டும். தேடுபவர் கண்ணுக்கே இது புலப்படும். கருவின் பாலினம் அறிவிப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காரணத்துக்கான ஸ்கேனைத் தடுப்பதில்லை என்பதையும் குடும்பத்தாருக்கு எடுத்துரைக்கலாம்.

ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. பல சிற்றூர்களில் மருத்துவமனைத் தாள்களைப் படித்துச் சொல்பவர் அவரே. பிரசவத்துக்குப் பின் தரப்படும் விடுவிப்புச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதை அன்னையர் கூட்டத்தில் அவர் வலியுறுத்தலாம். செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில், சூலகக் குழாய்க் கர்ப்பத்தைக் கற்பிக்கும் பாடத்திலேயே தழும்புக் கர்ப்பத்தையும் சேர்த்துக் கற்பிப்பது எளிது.

மாவட்ட மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் நுண்துளை அறுவையின் கருவியும் பயிற்சியும் வேண்டும். அதில் இருகருத்துக்கு இடமில்லை. ஆனால் நிதி ஒதுக்குவோர் வரிசையை மாற்றிவிடலாகாது. வட்ட மருத்துவமனையில் ஸ்கேன் கருவியும் அதனைப் பார்க்கத் தெரிந்தவரும் முதலில். விரைந்து அனுப்பும் ஏற்பாடு அடுத்து. நுண்துளை அறுவை அதற்கும் அடுத்து. தேவையற்ற முதற் சிசேரியனைத் தவிர்த்தல் இவை அனைத்துக்கும் முற்பட்டது. எட்டாம் வாரத்தில் வந்து சேரும் பெண்ணுக்குச் சிறு துளை போதும். பன்னிரண்டாம் வாரத்தில் இரத்தம் பெருகி வருபவளுக்குச் சில வேளை கருப்பையையே இழக்க நேரிடும். இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள நான்கு வாரங்கள் களப்பணியாளர் கையில் இருக்கின்றன.