வட சென்னைக்காக யார் கேட்பது?

2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை. மக்களவையில் ஒரே நாளில் 33 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவைக்குள் புகைக்குப்பி வீசப்பட்ட சம்பவம் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று முழக்கமிட்டதற்கான தண்டனை அது. அந்தப் பட்டியலில் வட சென்னை உறுப்பினர் கலாநிதி வீராசாமியும் இருந்தார், திருவள்ளூர் உறுப்பினர் கே.ஜெயக்குமாரும் இருந்தார். எண்ணூர் கழிமுகத்தின் தென்கரை அப்போது முன்னவருடைய தொகுதி, வடகரை பின்னவருடையது.

அன்றைக்கு அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி வந்த எண்ணெய், படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி வேர், கூழைக்கடாவின் சிறகு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆலை மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். பதில் சொல்ல வேண்டிய பெட்ரோலியத் துறை அமைச்சர் டெல்லியில் இருந்தார், அவையும் கூடியிருந்தது. கேட்க வேண்டிய இருவரும் அவைக்கு வெளியே இருந்தார்கள். டிசம்பர் 21இல் கூட்டத்தொடர் முடிந்தது. 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் போகும் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

கூட்டம் கூட்டமாக உறுப்பினர்களை வெளியேற்றியது தவறு என்பதே நம் கருத்து. அந்தக் குளிர்காலத் தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினர் எஸ்.ஆர்.பார்த்திபனின் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு நீக்கும் அளவுக்கு அவசரம். ஆனால் அரசை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ளவும் மனம் வரவில்லை. அவை முடங்கும்போது தலைவர்களின் பேச்சு தொலைக்காட்சியில் எப்படியும் வந்துவிடும். முதலில் சாவது பின்வரிசை உறுப்பினர் கையில் வைத்திருக்கும் தொகுதிக் கேள்விதான். முடக்குவது என்று முடிவெடுக்கிற எதிர்க்கட்சிகளும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையை ஏதோ சென்னையின் ஒரு மூலை என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே உள்ளூர்ப் பிரச்சினை என்று தனியாக எதுவும் கிடையாது. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஓரிரு நாளிலேயே நமக்கும் ஒரு சேதி தெரிந்தது. தென்கொரியாவிலிருந்து இறக்குமதியாகி, 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அதே ரசாயனம் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கிடந்தது. ஐந்தாண்டு அசையாத சரக்கு, ஒரு வாரத்துக்குள் ஹைதராபாத்துக்கு லாரி ஏறத் தொடங்கியது. பெய்ரூட்டில் சுங்க அதிகாரிகள் பல முறை நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியும் சரக்கு நகரவில்லை. இங்கே அதை நகர்த்த வேறொரு நாட்டில் ஒரு நகரம் சிதற வேண்டியிருந்தது.

அதே 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போன ஒரு படகு பழுதாகி, வாரக்கணக்கில் அலைந்து மியான்மர் கரைப்பக்கம் போய்ச் சேர்ந்தது. மணலிக் கிடங்கு நிதித் துறைக்கான கேள்வி. மியான்மர் படகு வெளியுறவுத் துறைக்கான கேள்வி. இரண்டையும் அமைச்சரை நிற்க வைத்துக் கேட்டிருக்க வேண்டிய கூட்டத்தொடர் செப்டம்பரில் கூடியபோது, கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்தில் மட்டும் பதில் தந்தார்கள். எதிர்க்கேள்வி கேட்க முடியாத பதிலுக்கு அமைச்சர் அஞ்ச வேண்டியதில்லை.

பின்வரிசையில் இருப்பவர் கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு நம்மிடையே பரவலாக இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கு வருகிற எந்தச் சரக்குக் கப்பலின் பக்கவாட்டையும் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வட்டம், அதை ஊடறுத்து ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் ஏணிப்படி போலச் சில சிறு கோடுகள். எந்தக் கடலில், எந்தப் பருவத்தில், எவ்வளவு வரை பாரம் ஏற்றலாம் என்பதன் அளவு அது. அதற்குப் பிளிம்சால் கோடு என்று பெயர். சாமுவேல் பிளிம்சால் இங்கிலாந்தில் டெர்பி தொகுதியின் உறுப்பினர், நிலக்கரி வியாபாரி. அமைச்சராக இருந்தவர் இல்லை. டெர்பியில் கடலும் இல்லை. அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, கூடுதலாகக் காப்பீடும் எடுத்து, மூழ்கினாலும் லாபம் என்று முதலாளிகள் அனுப்பிய கப்பல்களை மாலுமிகள் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றார்கள். அதை விடாமல் அவையில் எழுப்பியவர் பிளிம்சால்.

1875 ஜூலையில் பிரதமர் டிஸ்ரேலியின் அரசு கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக அறிவித்தது. பிளிம்சால் ஆத்திரத்தில் கையை ஓங்கிக் கத்தினார். சக உறுப்பினர்களை அயோக்கியர்கள் என்றார். வெளியே போகச் சொன்னார்கள், போனார். ஒரு வாரம் கழித்து வந்து தன் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். தன் குற்றச்சாட்டைக் கைவிடவில்லை. நாடே அவர் பக்கம் நின்றது. 1876இல் பாரக்கோடு சட்டமானது. அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது: கோட்டை எந்த இடத்தில் போடுவது என்பது முதலாளியின் விருப்பம். அதை அரசு விதியாக்க 1890 வரை ஆயிற்று. 1930இல் அது சர்வதேச ஒப்பந்தமானது. நிலத்துக்குள் இருக்கிற ஓர் ஊரின் உறுப்பினர் கேட்ட கேள்வி இன்று ராயபுரம் கடலில் நிற்கும் கப்பலில் வெள்ளை வண்ணத்தில் தெரிகிறது. புகைபோக்கியில் வெளியேறுவதை ஆலைகளே அளந்து சொல்கிற எண்ணூரில், அந்த 1890ஆம் ஆண்டுத் திருத்தம் நமக்கு நன்றாகவே புரியும்.

வட சென்னைக்கு இப்படிப்பட்ட மரபு இல்லாமலும் இல்லை. 1957 பொதுத்தேர்தலில் இந்தத் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது எஸ்.சி.சி.அந்தோணிப்பிள்ளையை, அதுவும் சுயேச்சையாக. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இடதுசாரி இயக்கத்தின் வழியாக இங்கே வந்தவர், பின்னி ஆலைத் தொழிலாளர்களின் மெட்ராஸ் லேபர் யூனியனுக்குத் தலைவர், துறைமுகத் தொழிலாளர்களுக்கும் தலைவர். அவருடைய மனைவி கரோலின், இலங்கையின் புகழ்பெற்ற இடதுசாரித் தலைவர் பிலிப் குணவர்த்தனாவின் தங்கை. எங்கிருந்து வந்தவர் என்று பார்க்காமல், யாருக்காகப் பேசுவார் என்று பார்த்து அனுப்பிய வாக்காளர்கள் இவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஆனால் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

கேள்வி கேட்பது ஒரு தொழில்நுட்பம். மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் நேரில் பதில் சொல்லும் 20 நட்சத்திரக் கேள்விகள், எழுத்தில் பதில் தரும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள், குலுக்கலில்தான் இடம். அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்துக்கும் குலுக்கல். ஒரு பிரச்சினையை விதி 377இன் கீழ் எழுப்பினால் 250 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். இவ்வளவு குறுகலான வாசல் வழியாகப் போகிற கேள்வி கூராக இருக்க வேண்டாமா? ‘எண்ணூரில் மாசு உள்ளதா, அரசு எடுத்த நடவடிக்கை என்ன?’ என்று கேட்டால், நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன என்று இரண்டு பக்கம் பதில் வரும்.

கூரான கேள்விக்கு ஓர் உதாரணம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ.மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டப்படி 700 டன் வரையிலான கசிவைச் சமாளிக்கும் கருவிகளை அந்தந்தத் துறைமுகமும் எண்ணெய் நிறுவனமுமே வைத்திருக்க வேண்டும். அன்று கொட்டியதாக அரசு அமைப்புகள் மதிப்பிட்டது அந்த அளவுக்கு வெகு கீழே. அப்படியிருக்க வாளி ஏன் வந்தது? மிதவைத் தடுப்பு எத்தனை மீட்டர் இருப்பில் இருந்தது, இன்று எத்தனை மீட்டர் இருக்கிறது, கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது? 2023 கசிவுக்காக மாநில அரசு மீனவக் குடும்பங்களுக்குத் தந்த தலா 12,500 ரூபாய், கசிய விட்டவர்களிடமிருந்து வசூலிக்கப்பட்டதா? இவை எண்ணிலும் தேதியிலும் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று அமைச்சர் சொன்னால் அது அவைக்குத் தந்த உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைத் துரத்துவதற்கென்றே 1953 முதல் மக்களவையில் ஒரு குழு இருக்கிறது. உறுப்பினர் நினைவூட்டினால்தான் அந்தக் குழுவுக்கு வேகம் வரும்.

அது மாநில விவகாரம் என்று டெல்லியும், அது மத்திய நிறுவனம் என்று கோட்டையும் கைகாட்டுவது இந்தப் பகுதி மக்களுக்குப் பழகிப்போன பதில். வல்லூர் அனல்மின் நிலையத்தில் இரண்டு அரசுகளுக்கும் சரிபாதிப் பங்கு. கப்பல், துறைமுகம், பெட்ரோலியம், வெளியுறவு நான்கும் டெல்லியின் பொறுப்பு. ஆகவே நாடாளுமன்றத்தில் கேட்க முடியாத எண்ணூர்ப் பிரச்சினை அநேகமாக இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்தினுடையது, மாநிலத்தில் ஆள்வது தன் கட்சியே ஆனாலும் அதைக் கேட்கிற துணிவும் உறுப்பினருக்கு வேண்டும். கழிமுகத்தின் இரு கரை உறுப்பினர்களும் கட்சி எதுவானாலும் கலந்து பேசி, ஒரே பொருளில் வெவ்வேறு அமைச்சகங்களுக்குக் கேள்வி அனுப்பலாம். ஒன்றாவது குலுக்கலில் விழும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு உறுப்பினரும் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது மக்களவை இணையதளத்தில் பெயர்வாரியாக இருக்கிறது. செல்போனிலேயே பார்க்கலாம். உங்கள் உறுப்பினரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்ற பெயர்கள் எத்தனை இடத்தில் வருகின்றன என்று தேடுங்கள். குறைவாக இருந்தால், நீங்கள் கேட்க நினைக்கும் ஒரே ஒரு கேள்வியை எண்ணோடும் தேதியோடும் எழுதி அவருக்கு அனுப்புங்கள். அவையில் பதில் வேண்டுமென்றால் அவர் 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கும் வரை காத்திருக்காமல் இப்போதே அனுப்பிவிடுங்கள்.