இந்த ஜன்னல் மூடப்படலாகாது!

ராக்கெட் விண்ணில் பாயும்போது கட்சி வேறுபாடின்றிக் கைதட்டுகிறோம். அது சுமந்து சென்ற கருவி பின்னர் என்ன கண்டது என்று கேட்பவர்கள் சிலரே. 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் இதற்கு ஓர் உதாரணம்.

புதிதாகப் பிறக்கும் பெரிய விண்மீன்கள் புறஊதாக் கதிர்களை வாரி வீசுகின்றன. விரைவிலேயே எரிந்து மடிந்தும்விடுகின்றன. எனவே, விண்மீன்கள் மளமளவெனப் பிறக்கும் மண்டலங்களைப் புறஊதா ஒளியே காட்டிக்கொடுக்கிறது. அக்கதிர்களில் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், விண்வெளியிலிருந்துதான் அவற்றை ஆராய முடியும்.

2016 அக்டோபரில் அஸ்ட்ரோசாட்டின் தொலைநோக்கி, வானின் ஒரு சிறு பகுதியை 28 மணி நேரத்துக்கும் மேலாக உற்றுநோக்கியது. 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு மண்டலத்திலிருந்து கசிந்த தீவிரப் புறஊதா ஒளி அதில் பதிவானது. புணே வானியல் மையத்தின் கனக் சாகா தலைமையிலான குழு 2020-இல் இதை அறிவித்தது. 2.4 மீட்டர் ஆடி கொண்ட அமெரிக்காவின் ஹப்பிளுக்குப் புலப்படாத ஒளியை, 37.5 செ.மீ. ஆடி கொண்ட நமது கருவி கண்டது. உணர்கருவியின் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு என்பதே காரணம்.

ஏழை நாட்டுக்கு இது தேவையா என்ற கேள்வி எழலாம். அஸ்ட்ரோசாட்டுக்கு ஆன செலவு சுமார் 178 கோடி ரூபாய். அதில் கிடைத்தது விண்மீன்களின் படங்கள் மட்டுமல்ல. நுண்கருவிகளை நாமே உருவாக்கும் திறனும்தான்.

உண்மையான கவலை வேறு. ஐந்தாண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட அஸ்ட்ரோசாட் 2025-இல் பத்தாண்டுகளை நிறைவு செய்தது. அதன் புறஊதாப் பிரிவுகளில் ஒன்று 2018-லேயே செயலிழந்துவிட்டது. அமெரிக்காவின் கேலக்ஸ் 2013-இல் நிறுத்தப்பட்டது. ஹப்பிள் கடைசியாகப் பழுதுபார்க்கப்பட்டது 2009-இல். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ முக்கியமாக அகச்சிவப்புக் கதிர்களையே காண்கிறது.

பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம், ஒரு மீட்டர் ஆடி கொண்ட அடுத்த புறஊதாத் தொலைநோக்கியை முன்மொழிந்துள்ளது. அஸ்ட்ரோசாட்டுக்கு 2004-இல் ஒப்புதல் கிடைத்தது. விண்ணை எட்டப் பதினோரு ஆண்டுகளாயின. பழையது ஓய்ந்தபின் புதியதைப் பற்றி யோசித்தால், ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் அயல்நாட்டுக் கருவிகளின் வாசலில் காத்து நிற்க நேரிடும்.

ஏவுதளத்தில் எழும் கைதட்டலில் பாதியாவது இக்கோப்புகளின் மீது கவனமாக மாறட்டும்!