கதவு இருக்கு, வழி இருக்கா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ஒரு வெடிவிபத்து நடந்தா அடுத்த ரெண்டு நாளைக்கு என்னென்ன நடக்கும்னு எங்க ஜில்லாவுல சின்னப்புள்ளைக்குக்கூட மனப்பாடம். கலெக்டர் வருவாரு. போர்மேன் கைது. முதலாளி தலைமறைவு. நிவாரணத் தொகை அறிவிப்பு. பேப்பர்ல 'உராய்வு காரணமாக'ன்னு ஒரு வரி. மூணாம் நாள் வேற செய்தி.

இந்த 'உராய்வு'தான் எனக்குப் பத்திக்கிட்டு வர்ற வார்த்தை. உராய்வால தீ வந்துச்சு, சரி, ஒத்துக்கறேன். உள்ளே இருந்தவங்க ஏன் வெளியே வரலை? அதுக்கும் உராய்வுதான் காரணமா? தீ எப்படிப் பிடிச்சதுங்கிறது ஒரு கேள்வி, ஆள் ஏன் செத்தாங்கங்கிறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு விசாரணை, அறிக்கை, கமிட்டி எல்லாம் உண்டு. ரெண்டாவது கேள்வியை யாரும் கேக்கறதே இல்லை.

இதைத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட கேட்டேன். இந்தத் தொழிலைப் பல வருஷமா பார்த்தவர். "ஏப்பா, மருந்து புடிச்சா ஒரு செகண்டு கூடக் கிடையாது. அங்க கதவு என்ன செய்யும்? எல்லாம் தலையெழுத்து"ன்னாரு. இது அவர் ஒருத்தர் சொல்ற பேச்சு இல்லைங்க. டீக்கடையில இருந்து ஆபீஸ் வரைக்கும் இதே பேச்சுதான். கேக்கறதுக்கு விவரமா இருக்கு, ஆனா பாதி பொய்.

பாதி உண்மை எதுன்னு முதல்ல சொல்லிடறேன். அலுமினியப் பவுடரும் கந்தகமும் நைட்ரேட்டும் கலக்கிற அறையில, மருந்து கையில இருக்கும்போதே பிடிச்சுதுன்னா கலக்கிறவருக்குத் தப்பிக்க நேரமே கிடையாது. அங்கே கதவு உதவாது, வாஸ்தவம். அதனாலதான் கலவை அறையைத் தனியா, தள்ளிக் கட்டி, ஆளையும் ரொம்பக் குறைச்சு வெக்கச் சொல்றாங்க. ஆனா விபத்துல சாகறவங்க எல்லாரும் கலவை அறையிலயா சாகறாங்க? திரி வெக்கிற அறை, பேக்கிங் அறை, பக்கத்து ஷெட்டு, கிட்டங்கி வாசல், சில சமயம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்... இங்கெல்லாம் நேரம் இருக்கு. அஞ்சு செகண்டோ பத்து செகண்டோ. பத்து செகண்டுல ஒரு மனுஷி எவ்வளவு தூரம் ஓடலாம்னு வீட்டு முற்றத்துல எண்ணிப் பாருங்க. வாசல் காலியா இருந்தா!

2016 அக்டோபர் 20, சிவகாசி டவுனுக்குள்ளேயே நடந்ததை எடுத்துக்கோங்க. பட்டாசு கிட்டங்கியில லோடு ஏத்தும்போது தீப்பிடிச்சது. செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க பட்டாசைத் தொட்டவங்களே இல்லை. பக்கத்துல ஸ்கேன் சென்டருக்கு ஸ்கேன் எடுக்க வந்தவங்களும் அங்கே வேலை பார்த்தவங்களும். புகை உள்ளே புகுந்து மூச்சு முட்டித்தான் போனாங்க. வெடி அவங்களைக் கொல்லலை, புகை வந்த பிறகு வெளியேற வழி இல்லாததுதான் கொன்னுச்சு. அண்ணாச்சி சொல்ற 'ஒரு செகண்டு' கதை இங்கே எங்கே பொருந்துது?

2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். தீபாவளி சீசன் உச்சம். கடைக்கு வந்தவங்களுக்குச் சாம்பிள் வெடிச்சுக் காட்டினப்போ தீப்பொறி பறந்து சரக்குல விழுந்ததுன்னு அப்பவே செய்தி வந்துச்சு. 13 பேர் போனாங்க, பெரும்பாலும் பொம்பளைங்க. விக்கிற இடமும் பேக்கிங் பண்ற இடமும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருந்தா, தீ வர்ற பக்கமும் ஆள் ஓட வேண்டிய பக்கமும் ஒண்ணாயிடும்.

சட்டத்துல இதெல்லாம் இல்லையான்னா, இருக்கு, நல்லாவே இருக்கு. 1948-ல தொழிற்சாலைகள் சட்டம் வந்தப்பவே 38-வது பிரிவுல, உள்ளே ஆள் இருக்கும்போது வெளியேறும் கதவைப் பூட்டக் கூடாது, கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும்னு எழுதிட்டாங்க. 2008 வெடிபொருள் விதிகளும் கதவு வெளியே திறக்கணும்னு சொல்லுது. ஒரு அறைக்கு 4 பேருக்கு மேல கூடாது.

இந்த 4 பேர் கணக்கை நம்ம ஆளுங்க ஏதோ நாக்பூர்ல உக்காந்திருக்கிற ஆபீசர் தூக்கக் கலக்கத்துல எழுதினதுன்னு நினைக்கறாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சின்ன அறை, எதிரெதிரே வாசல். நாலு பேர்னா ஆளுக்கொரு மூலை. யாரும் யாரையும் தாண்டாம, யார் மேலயும் இடிக்காம வெளியே விழலாம். அஞ்சாவது ஆள் உள்ளே வந்து உக்கார்ற இடம் எது? வாசலுக்கு நேர். பத்தாவது ஆள் வந்தா? அது கதவு இல்லை, சுவர். விதியை மீறினா அபராதம்னு மட்டும்தான் சொல்றாங்க. அஞ்சாவது ஆளை உக்கார வெக்கறது மத்த நாலு பேரோட கதவை அடைக்கிற வேலைன்னு யாரும் சொல்லிக் குடுக்கறதில்லை.

அப்புறம், வேலை பார்க்கிறவங்க எப்படி உக்காந்திருக்காங்கன்னு சட்டம் எழுதினவங்க பார்த்திருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம். நாற்காலியில இல்லீங்க. தரையில, காலை மடிச்சு, இல்லேன்னா நீட்டி. மடியில தட்டு. இடது பக்கம் வெறுங்குழாய், வலது பக்கம் முடிச்ச சரக்கு. பீஸ் ரேட்டு, அதாவது எண்ணிக்கைக்குத்தான் கூலி. முடிச்சதை எந்திரிச்சுப் போய் வெச்சுட்டு வந்தா அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. அதனால சரக்கு அங்கேயே சேரும். எங்கே சேரும்? எடுக்க வர்றவருக்கு வசதியா, வாசல் பக்கம். சாயங்காலம் ஆகும்போது ஒவ்வொருத்தருக்கும் வாசலுக்கும் நடுவுல அவங்க கையால செஞ்ச பட்டாசே வேலி மாதிரி நிக்கும். தீ பிடிச்சா அதைத் தாண்டித்தான் போகணும்! அந்தப் பொம்பளைங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. சரக்கை அப்பப்ப எடுத்துட்டுப் போக ஒரு ஆள் போடாத முதலாளியைத்தான் சொல்வேன். ஒரு ஆள் கூலி, அவ்வளவுதான் செலவு.

இதுக்கு மேல உள்குத்தகை வேற. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, ஷெட்டுகள் பல பேர் கையில. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்துல 20-க்கும் மேல பேர் செத்தப்போ இந்தக் கதைதான் வெளியே வந்துச்சு. நாலு மாசக் குத்தகைக்கு எடுத்தவனுக்கு வாசலைப் பத்தி என்ன கவலை? அவனுக்கு ஒவ்வொரு சதுர அடியும் சரக்கு. வாசலும் சதுர அடிதானே!

கதவைத் தாண்டினாலும் கதை முடியலை. ஓடி எங்கே போறது? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 38 பேர். அதுல நிறையப் பேர் ஆலைத் தொழிலாளிங்களே இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஜனம். வெளியே வந்தவங்க எங்கே போய் நிக்கணும், வெளியே இருக்கிறவங்க எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு அங்கே யாருக்கும் தெரியலை. அந்த ஆலை லைசென்ஸை அதுக்கு முன்னாடியே நிறுத்தி வெச்சிருந்தாங்கங்கிறது தனிக் கூத்து.

அதே மாசம், சரியா ஆறு நாள் கழிச்சு, செப்டம்பர் 11-ல கராச்சியில ஒரு துணி ஆலையில தீ. 250 பேருக்கு மேல. ஜன்னலுக்குக் கம்பி, வாசலுக்குப் பூட்டு. அங்கே தீ வெச்சதே சதின்னு வழக்கு நடந்து, 2020-ல தண்டனையும் குடுத்தாங்க. தீ வெச்சவனுக்குத் தண்டனை, சரிதான். ஆனா வாசல் திறந்திருந்தா அதே தீயில எத்தனை பேர் செத்திருப்பாங்க? நான் மேலே சொன்ன ரெண்டு கேள்வியும் வேற வேறன்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்ட முடியாது.

பட்டாசு இருக்கிற இடத்துல மட்டும்தான் இப்படின்னும் நினைக்காதீங்க. பக்கத்து மதுரையில 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலம், யார்டுல நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிஞ்சு 9 பேர் போனாங்க. லக்னோவுல இருந்து யாத்திரை வந்தவங்க, படுக்கை, சமையல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே. ஒளிச்சுக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்ல டீ போட்டிருக்காங்க. எல்லாரும் சிலிண்டரைப் பத்தியே பேசினாங்க. கதவு பூட்டியிருந்துச்சுன்னு தப்பிச்சவங்க சொன்னது அந்த ஒரு நாளோட போச்சு.

ஆய்வுக்கு வர்ற அதிகாரிங்க ஸ்டாக் ரிஜிஸ்டர் பார்க்கறாங்க, தீயணைப்பு வாளியில மணல் இருக்கான்னு பார்க்கறாங்க. பாருங்க, வேண்டாங்கலை. கூடவே ஒரு காரியம் பண்ணுங்க. சொல்லாம கொள்ளாம, ஐப்பசி நெருங்குற நேரத்துல, சாயங்காலம் நாலு மணிக்கு, சரக்கு நிறைஞ்சு கிடக்கும்போது வாங்க. ஏதாவது ஒரு பேக்கிங் ஷெட்டு வாசல்ல நின்னு, "எல்லாரும் அப்படியே எந்திரிச்சு வெளியே வாங்கம்மா, மெதுவா"ன்னு ஒரு தடவை சொல்லுங்க. ஓட வேண்டாம், நடந்தே வரட்டும். கையில வாட்ச் இருக்குல்ல, பாருங்க. எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை செகண்டு ஆச்சு, யார் எதைத் தாண்டி வந்தாங்கன்னு மூணே மூணு விஷயம் எழுதுங்க. அதை ஆலை வாசல்ல போர்டுல எழுதி மாட்டச் சொல்லுங்க, அடுத்த நாள் வேலைக்கு வர்றவங்க படிச்சுட்டு உள்ளே போகட்டும்.