மணி, மந்திரம், மருந்து: இணைய விளையாட்டை முன்வைத்து ஒரு மறுப்பு

இலக்கியக் கூட்டங்களில் ஒரு கூற்று சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இணையத்தில் மாயாஜால விளையாட்டு ஆடுகிறவன் சிந்திப்பதில்லை. பொத்தானை அமுக்குகிறான், பலன் வந்து விழுகிறது. அங்கே காத்திருப்பு இல்லை, ஆகவே மனமும் இல்லை. இதைச் சொல்பவர்கள் எங்கள் மதிப்புக்குரிய வாசகர்கள் என்பதால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் சான்றாகக் காட்டுவது உடனடிப் பொருட்களை: குடித்த கணமே உயிரை நிறைக்கும் மருந்து, எடுத்த கணமே வேறிடம் கொண்டுசேர்க்கும் சிறகு. அந்தச் சான்று அவர்களுக்கே எதிராக நிற்கிறது என்பது எங்கள் வாதம்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வளர்ந்த எங்களுக்கு இவ்வகை ஆட்டம் பிரௌசிங் சென்டர் வழியாகவே வந்து சேர்ந்தது. எனவே எடுத்துக்காட்டுகளை ராக்னராக் ஆன்லைனிலிருந்தே தருகிறோம். கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-ல் வெளியிட்ட ஆட்டம் அது. 2000களின் நடுப்பகுதியில் லெவல் அப் நிறுவனம் இந்தியாவுக்கெனத் தனிச் சேவையகம் வைத்து நடத்தி, பின்னர் மூடியும்விட்டது. இங்கே நாங்கள் சொல்லும் கணக்கெல்லாம் அதன் பழைய பதிப்புக்குரியவை.

அந்த உலகில் மந்திரத்துக்கு ஓதும் நேரம் உண்டு. பனிப்புயலை வரவழைக்கும் ஸ்டார்ம் கஸ்ட்டை அதன் உச்ச நிலையில் ஓதப் பதினைந்து நொடி. இடையில் ஓர் அடி விழுந்தால் ஓதல் கலைந்துவிடும். ஃபென் என்ற மீனின் அட்டையை அணிந்துகொண்டால் கலையாது. ஆனால் ஓதும் நேரம் கால் பங்கு கூடிவிடும். கைத்திறன் எண்ணை 150-க்கு ஏற்றினால் ஓதாமலே மந்திரம் பாயும். அதற்கு உடல்வலிமையையும் உயிர்வலிமையையும் பட்டினி போட வேண்டும். பொருளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கையில் இருக்கிறது, எடுத்தால் நிகழ்கிறது. எனவேதான் அது சிந்தனையற்றது என்கிறார்கள்.

மணி, மந்திரம், ஔஷதம் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்ன மரபு நம்முடையது. ஓத வேண்டியதையும் கையில் வைத்திருக்க வேண்டியதையும் நம் முன்னோர் ஒன்றாகக் குழப்பவில்லை. இன்னும் தெளிவான சான்று வேண்டுமென்றால் கர்ணனிடம் போகலாம். அவனிடம் இரண்டும் இருந்தன. பரசுராமரிடம் கற்ற பிரமாஸ்திரம் மந்திரம். தேவையான வேளையில் அது மறந்துபோகும் என்பது சாபம். கவச குண்டலங்களைக் கொடுத்து இந்திரனிடம் பெற்ற சக்தி ஆயுதமோ பொருள்; மறக்காது, பிசகாது, ஆனால் ஒரே ஒரு முறைதான். அதை அருச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன் கௌரவப் படையைச் சிதறடித்தபோது, சுற்றி நின்றவர்களின் கூக்குரல் பொறுக்காமல் அவன் மேல் வீசினான். பாண்டவர்கள் அழுதார்கள், கண்ணன் மட்டும் மகிழ்ந்தான். ஒரு பொருளின் செலவை முழுதாகக் கணக்கிட்டவன் அந்தக் களத்தில் அவன் ஒருவனே. இந்தக் கட்டத்தை ஆண்டுக்கணக்கில் விவாதித்துவரும் நம் வாசகர்கள், அதே சிக்கலில் ஒரு பதினேழு வயதுப் பையன் திரைக்கு முன்னால் அமர்ந்து கணக்குப் போட்டால் அதை மட்டும் சிந்தனையின்மை என்பது என்ன நியாயம்?

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். யிக்ட்ரசில் கனி உயிரையும் மந்திர ஆற்றலையும் முழுமையாக நிறைக்கும். எட்டாயிரம் உயிர் உள்ள வீரன் ஆயிரம் குறைந்தவுடனே அதைத் தின்றால் ஏழாயிரத்தை மண்ணில் கொட்டியதாகவே பொருள். அந்த ஆயிரத்துக்கு வெள்ளை மருந்து மூன்று புட்டி ஏறக்குறைய போதும். ஆனால் ஒரே அடியில் ஐயாயிரம் பறிக்கும் எதிரியின் முன்னால் புட்டி புட்டியாகக் குடித்துக்கொண்டிருப்பவன் பிணம். அங்கே கனிதான் வேண்டும். அதுவும் உறைநிலையோ மயக்கமோ வருவதற்கு முன்பாக வேண்டும். உறைந்தவன் பையில் நூறு கனி இருந்தும் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. மாறாக, எதிரி வாய்க்கட்டுப் போட்டுவிட்டால் மந்திரம் மட்டும்தான் நிற்கும், பொருள் நிற்காது. அந்த நேரத்துக்குப் பச்சை மருந்து. மலிவானது என்பதால் பலரும் அதை எடுத்துப் போவதே இல்லை. மலிவான பொருளை மறந்துவிட்டு விலையுயர்ந்ததைச் சுமப்பவர்களே இவ்வாட்டத்தில் அதிகம் சாகிறார்கள் என்பது எங்கள் அவதானிப்பு.

ஃபிளை விங் அறுபது செனி விலை; அதே வரைபடத்துக்குள் எங்கேயாவது தூக்கிப் போடும். எங்கே என்று தெரியாது. பலர் அதை உயிர் பத்தில் ஒன்றாகும் வரை தொடுவதில்லை. தொட்டபோது வேறொரு கும்பலின் நடுவில் போய் விழுந்து அங்கே சாகிறார்கள். பாதி உயிர் இருக்கும்போதே எடுக்க வேண்டிய பொருள் அது; இறங்கும் இடத்தில் அடுத்த விரல் மருந்தின் மேல் தயாராக இருக்கவும் வேண்டும். ஊருக்கே திருப்பி அனுப்பிவிடும் பட்டர்ஃபிளை விங்கை அதற்குப் பக்கத்துப் பொத்தானில் வைப்பவர்களுக்கு நாங்கள் பரிந்து பேசப் போவதில்லை.

பையின் எடை அடுத்தது. வெள்ளை மருந்து ஒரு புட்டிக்கு 15 எடை. மூவாயிரம் சுமக்க வல்லவன் நூறு புட்டி எடுத்தாலே பாதியைத் தொட்டுவிடுகிறான். பாதியைத் தொட்டதும் உடல் தானாகத் தேறுவது நின்றுவிடும். 90 விழுக்காட்டை எட்டினால் அடிக்கவும் முடியாது, ஓதவும் முடியாது. உடனடிப் பொருள் இலவசமல்ல. அதன் விலை முன்கூட்டியே சுமையாகக் கட்டப்பட்டிருக்கிறது. மற்ற ஆட்டங்களை வடிவமைத்தவர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் ஒரு சண்டைக்கு ஒரு மருந்துப் புட்டி என்ற விதி 2008-ல் வந்தது. டயாப்ளோ இரண்டில் சிவப்பு மருந்து மெல்லவே ஏறும். ஊதா மட்டுமே உடனே ஏறும்.

இலக்கிய அன்பர்களோடு மட்டும் எங்களுக்கு வழக்கில்லை. ஆடுபவர்களிலேயே, பொருளைத் தொடாமல் வெல்பவன்தான் வீரன் என்று மார்தட்டும் ஒரு கூட்டம் இருக்கிறது. கடைசிப் பூதத்துக்கென்று சேமித்துச் சேமித்து, அந்தப் பூதத்தைப் பார்க்காமலே ஆட்டத்தை விட்டுப் போனவர்கள் இவர்கள். எதிர்க்கோடியில், சரவெடி போல எல்லாப் பொத்தான்களையும் ஒன்றாய் அமுக்குபவர்கள். (சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடைசெய்தது காற்றை முன்னிட்டு, இவர்களைத் தடுக்கவும் யாராவது மனுப் போட்டால் நல்லது.) இரு சாராருக்கும் ஒரே நம்பிக்கைதான்: உடனடி என்றால் உழைப்பற்றது.

எங்கள் வட்டாரத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்து 1923-ல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியின் தலையில் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். உரசும் கணம் வரை இரண்டையும் பிரித்து வைத்திருப்பதில்தான் அந்த உடனடித் தீயின் அறிவு இருக்கிறது. பட்டாசுக்குள் செல்லும் கலவைக்கும் இங்கே மருந்து என்றே பெயர். வெடிப்பவருக்கு விலகி ஓடத் திரி உண்டு. மருந்து கலப்பவருக்குத் திரி கிடையாது. உராய்வு ஒன்றே போதும். அதனால்தான் இரும்புக் கருவி ஆகாது, ஓர் அறையில் நால்வருக்கு மேல் ஆகாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்ற விதிகள். அவை மீறப்படும்போது என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியும் 2021 பிப்ரவரி 12-ல் அச்சன்குளமும் காட்டின. முன்னதில் முப்பதுக்கும் மேற்பட்டோர், பின்னதில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரு நொடி வெளிச்சத்துக்குப் பின்னால் உழைப்பே இல்லை என்று சிவகாசிச் சந்தையில் நின்று சொல்லிப் பாருங்கள்.

ராக்னராக்கில் ரசவாதி என்றொரு தொழில் உண்டு. வேண்டிய சரக்கை வாங்கி, எடை குறைந்த அடர்மருந்தைக் காய்ச்சுவது அவர் வேலை. காய்ச்சல் பல முறை பாழாகும். பாழானால் சரக்கும் போயிற்று. தேறினால் அந்தப் புட்டியின் மேல் காய்ச்சியவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். சேவையகத்தின் முதல் பத்து ரசவாதிகள் காய்ச்சிய மருந்துக்குக் கூடுதல் பலனும் உண்டு; ஆடுபவர்கள் பெயர் பார்த்து வாங்கினார்கள். சிவகாசி அச்சகங்கள் அச்சிடும் பட்டாசுப் பெட்டி மேலுறையில் தெய்வங்கள் இருக்கிறார்கள், நடிகைகள் இருக்கிறார்கள், நிறுவனத்தின் பெயர் பொன் எழுத்தில் இருக்கிறது. மருந்து நிரப்பியவரின் பெயர் இல்லை. சிந்தனையற்ற ஆட்டம் என்று சொல்லப்படுகிற ஒன்றில் அது இருக்கிறது. எங்களை மறுக்க விரும்பும் நண்பர்கள் அந்தப் புட்டியிலிருந்து தொடங்கட்டும்.