முத்திரையைத் தொலைத்தவர்கள்

"உங்கள் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்." கொஞ்ச காலம், யாருக்கு போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் இதைப்போல ஒரு பாடத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. வங்கி சொல்கிறது, போலீஸ் சொல்கிறது, பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுப் பிள்ளைகளிடமும் சொல்கிறார்கள். லிங்க்கைத் தொடாதே, பாஸ்வேர்டை மாற்று, உஷாராக இரு. இணையத்தில் என்ன திருட்டு நடந்தாலும் குற்றவாளி யார் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது: உஷாராக இல்லாத நீங்கள்தான். எனக்கு இந்தப் பேச்சு அலுத்துவிட்டது. அலுப்பைவிடக் கோபம் அதிகம். ஏனென்றால் நம் கடிதங்களை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்திருக்கலாம் என்ற நிலைமை 2014இல் வந்தபோது, அதில் ஓடிபி சொன்ன பாமரன் ஒருவன்கூட இல்லை. முத்திரையைக் கையில் வைத்திருந்தவர்கள்தான் அதைக் கோட்டைவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் காலர் டியூன் போடவில்லை.

சான்றிதழ் என்றால் என்னவென்று தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிறுமலை பழையூரிலிருந்து ஒருவர் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவும் இறங்கித் திண்டுக்கல்லுக்கு வருகிறார். வாழைத்தாரும் எலுமிச்சையும் இன்றும் குதிரை முதுகில் வருகிற மலை அது. வி.ஏ.ஓ. பார்க்க வேண்டும், ஆர்.ஐ. பார்க்க வேண்டும், கடைசியில் தாசில்தார் ஒப்புதல் தர வேண்டும். கல்லூரி அந்தப் பையனை நம்புவதில்லை, தாசில்தாரை நம்புகிறது. அவ்வளவுதான் விஷயம். பிரவுசரும் இதையேதான் செய்கிறது. அதற்கு ஜிமெயிலைத் தெரியாது. "இதுதான் ஜிமெயில்" என்று ஓர் அலுவலகம் எழுதிக் கொடுத்த சான்றிதழைப் பார்த்து நம்புகிறது. எந்தெந்த அலுவலகத்தை நம்பலாம் என்ற பட்டியல் கம்ப்யூட்டரை வாங்கும்போதே உள்ளே இருக்கிறது. நீங்களும் நானும் அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் இல்லை, பார்த்தவர்களும் இல்லை.

விண்டோஸின் பட்டியலில் இந்திய அரசும் இருந்தது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வந்த சி.சி.ஏ. என்கிற கட்டுப்பாட்டாளர் அலுவலகம்தான் அது. அந்த அலுவலகம் தேசிய தகவலியல் மையத்தை, அதாவது என்.ஐ.சி.யை நம்பியது. தாசில்தார் முத்திரையைக் கொடுத்து "நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைப் போன்றது இது. 2014 ஜூலை 2 அன்று, தாங்கள் கேட்காமலேயே தங்கள் தளங்களின் பெயரில் என்.ஐ.சி. சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டுபிடித்தது. அந்தச் சான்றிதழை வைத்திருப்பவன் உங்களுக்கும் ஜிமெயிலுக்கும் நடுவில் இணைப்பில் உட்கார முடிந்தால் போதும். விண்டோஸில் ஓடும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அவனையே ஜிமெயில் என்று ஏற்றுக்கொள்ளும். பூட்டுப் படம் வழக்கம்போல இருக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. கூகுள் தளங்களுக்குக் குரோமில் மட்டும் கூடுதல் காவல் ஒன்று இருந்தது. ஃபயர்பாக்ஸ் தப்பித்ததற்குக் காரணம், அது தனக்கென வைத்திருந்த பட்டியலில் நம் அரசு இல்லை. நம் அரசை நம்பாததால் நாம் பாதுகாப்பாக இருந்தோம் என்பதை எந்த தேசபக்தரும் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

மறுநாளே என்.ஐ.சி.யின் அதிகாரச் சான்றிதழ்கள் ரத்தாயின. அது நல்ல வேலை. ஆனால் அடுத்து வந்த கணக்கைப் பாருங்கள். போலியாகப் போனவை மொத்தமே நான்குதான், மூன்று கூகுளுக்கு, ஒன்று யாஹூவுக்கு, முதலாவது ஜூன் 25இல் போனது என்றது சி.சி.ஏ. அந்த நான்கில் சேராத வேறு போலிகளையும் தாங்கள் பார்த்திருப்பதாகவும், அதனால் சேதத்தின் அளவு தெரியாது என்றும் கூகுள் எழுதியது. ஜூலை 10இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எச்சரிக்கையில் ஜிமெயில், யாஹூ மெயில் முகவரிகள் உட்பட 45 பெயர்கள் இருந்தன. இந்திய மூலச் சான்றிதழை இனி gov.in, nic.in, ac.in போன்ற சில முகவரிகளுக்கு மேல் குரோம் நம்பாது என்று கூகுள் வேலி போட்டது. ஓர் அரசின் முத்திரைக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனி எல்லை வகுத்தது. அவமானம்தான். அதைவிடப் பெரிய அவமானம், நடந்ததைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் கம்பெனிகள் எழுதிய பதிவுகளிலிருந்துதான் தெரியும்.

இப்படித்தான் நடக்கும், உலகம் முழுக்க இதுதான் கதை என்பார்கள். இல்லை. மூன்று வருஷம் முன்னால், 2011இல், நெதர்லாந்தில் டிஜிநோட்டர் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஒருவன் புகுந்து 500க்கும் மேற்பட்ட போலிகளைப் போட்டுக்கொண்டான். ஈரானில் சுமார் மூன்று லட்சம் இணைய முகவரிகளிலிருந்து ஜிமெயிலுக்குப் போனவர்கள் அந்த வலையில் விழுந்தார்கள். அரசுக்கு எதிராக ஒரு வரி எழுதினாலே சிறை என்ற ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. டிஜிநோட்டர் முதலில் மூடி மறைத்தது. விஷயம் வெடித்ததும் அந்த நாட்டு உள்துறை அமைச்சர் நள்ளிரவு தாண்டிப் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசினார். தனியார் ஆய்வாளர்களின் இடைக்கால அறிக்கை சில நாளில் பொதுவில் வந்தது. எந்த சர்வரில் என்ன ஓட்டை, எந்தப் பாஸ்வேர்டு எவ்வளவு மட்டமானது என்பதுவரை அதில் இருந்தது. அந்த மாதமே நிறுவனம் திவாலானது.

இன்னொரு ஒப்பீடு, நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே. எக்ஸிம் என்று ஒரு மின்னஞ்சல் சர்வர் மென்பொருள். 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் எழுதத் தொடங்கியது. 2019இல் இணையத்தில் கண்ணுக்குத் தெரிகிற மின்னஞ்சல் சர்வர்களில் பாதிக்கும் மேல் எக்ஸிம்தான். அந்த ஆண்டு அதில் ஒரு பயங்கரமான பிழை தெரிந்தது. இரண்டு கம்ப்யூட்டர்கள் மறைகுறியாக்கிப் பேசுவதற்கு முன்னால் கைகுலுக்கும்போது, வருகிறவன் எந்தப் பெயரைத் தேடி வந்தேன் என்று சொல்ல வேண்டும். தன் சான்றிதழையும் காட்டலாம். அந்தப் பெயர் ஒரு பின்சாய்கோட்டில் முடிந்தால் எக்ஸிம் தடுமாறி, பெயரின் எல்லையைத் தாண்டியும் வாசித்துக்கொண்டே போகும். அந்தத் தடுமாற்றத்தைப் பயன்படுத்தி வாசலில் நிற்கிறவன் முழு சர்வருக்கும் எஜமானன் ஆகிவிடலாம். கடிதத்தைக் காக்க வைத்த பூட்டே திருடனுக்குக் கதவு. உடனடித் தற்காப்பாக எக்ஸிம் குழு சொன்ன வழிகளில் ஒன்று, மறைகுறியாக்கத்தையே நிறுத்திவிடுவது. பரிந்துரைக்கவில்லை என்ற குறிப்போடுதான் அதைச் சொன்னார்கள். செப்டம்பர் 6இல் திருத்தத்தை வெளியிட்டு, எங்கே என்ன தப்பு என்று ஊரறிய எழுதினார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், அதே 2019 செப்டம்பர் 4இல், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் தீநிரல் இருப்பதை செர்ட்-இன் அமைப்பு அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. நமக்கு எப்போது தெரிந்தது? அக்டோபர் 29இல் நிலையத்தின் அறிக்கை வந்தது: பரவும் தகவல் பொய், கட்டுப்பாட்டு அமைப்பு மேல் தாக்குதல் நடக்கச் சாத்தியமே இல்லை. மறுநாள் அணுமின் கழகம் சொன்னது: ஆமாம், தீநிரல் இருந்தது உண்மை. உலை இருக்கும் பகுதி தனி வலையமைப்பு, அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் முதல்நாள் ஏன் பொய் என்றீர்கள்? இடிந்தகரைக்காரர்கள் வருஷக்கணக்காகக் கேட்டது "உலை வெடிக்குமா" என்பதை மட்டும் அல்ல. ஏதாவது நடந்தால் எங்களிடம் உண்மையைச் சொல்வீர்களா என்றும்தான். பதில் அந்த இரண்டு தேதிகளில் இருக்கிறது.

எக்ஸிம் குழு ஒரு கைப்பிடி ஆட்கள். இவர்கள் ஒரு அரசாங்கம்.

பாதுகாப்பு விஷயத்தை வெளியே பேசினால் திருடனுக்கு வழி காட்டியது மாதிரி ஆகாதா என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு 1883லேயே பதில் சொல்லியாகிவிட்டது. ஒகூஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்ற மொழியாசிரியர் (இலக்கியவாதிகளுக்குப் பிடிக்கும், மனிதர் வோலாபூக் என்ற செயற்கை மொழியைப் பரப்பப் பாடுபட்டவர்) எழுதினார்: கருவி எதிரி கையில் சிக்கினாலும் ரகசியம் தாங்க வேண்டும், சாவி மட்டுமே மறைவாக இருந்தால் போதும். இதை எங்கள் ஊர்ப் பூட்டுப் பட்டறையில் எந்த ஆசாரியிடம் கேட்டாலும் சொல்வார். ஆறு லீவரா எட்டு லீவரா என்று கடையில் கேட்டுத்தான் வாங்குகிறோம். "உள்ளே எப்படி இருக்கு என்று சொல்ல மாட்டேன், நம்பு" என்று எவனாவது விற்றால் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்குமா?

நாம் போகிற திசையோ நேர் எதிர். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவு போட்டது: இணையச் சம்பவம் எது நடந்தாலும் 6 மணி நேரத்துக்குள் எங்களிடம் சொல்லியாக வேண்டும். நிறுவனம் செர்ட்-இன்னிடம் சொல்லும், சரி. செர்ட்-இன் உங்களிடம் சொல்லுமா? 2023 நவம்பரில் அந்த அமைப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஊழல், மனித உரிமை மீறல் புகார் என்றால் மட்டும் விதிவிலக்கு. பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடும் வழியும் அடைபட்டது.

இதற்கிடையில் கீழே என்ன நடக்கிறது? ஓர் இ-சேவை மையத்தில் நானே பார்த்தேன். அரசுத் தளம் ஒன்றைத் திறந்ததும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சிவப்பாக வந்தது. தளத்தின் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அந்தப் பெண் யோசிக்கவே இல்லை, இரண்டு கிளிக்கில் தாண்டிவிட்டார். "அது எப்பவும் அப்படித்தான் வரும்ண்ணே, கண்டுக்காதீங்க." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எச்சரிக்கையை மதித்தால் அன்றைக்கு முப்பது பேருடைய வேலை நிற்கும். பையனின் சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து பிசகினால் திருப்பி அனுப்புகிற அரசு, தன் சான்றிதழ் செத்துக் கிடப்பதை வாரக்கணக்கில் கவனிக்காது. நாள் முழுக்க எச்சரிக்கையை மீறப் பழக்கிவிட்டு, மாலையில் விழிப்புணர்வு முகாம்.

மின்னஞ்சல் சர்வர்கள் அந்தப் பெண்ணைவிட மோசம். ஒரு சர்வர் இன்னொன்றுக்குக் கடிதம் கொடுக்கும்போது எதிராளியின் சான்றிதழைப் பெரும்பாலும் சரிபார்ப்பதே கிடையாது. எது காட்டினாலும் சரி, கடிதம் போய்ச் சேர்ந்தால் போதும். நடுவில் இருப்பவன் "மறைகுறியாக்கம் இங்கே இல்லை" என்று பொய் சொன்னால் வெறும் எழுத்தாகவே அனுப்பிவிடும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், துனீசியாவிலிருந்து ஜிமெயிலுக்கு வந்த அஞ்சல்களில் 96 சதவீதம் இப்படி உரிக்கப்பட்டே வந்தது தெரிந்தது. இதைத் தடுக்கும் எம்டிஏ-எஸ்டிஎஸ் என்ற நெறிமுறை 2018லிருந்து இருக்கிறது. சர்வரை நடத்துகிறவர் செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் பாஸ்வேர்டு எத்தனை எழுத்து என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2025இல் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் என்.ஐ.சி. அமைப்பிலிருந்து ஜோஹோவுக்குப் போனது. தென்காசிப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கிற நம்ம கம்பெனி என்று முகநூலில் ஒரே கொண்டாட்டம். எனக்கும் சந்தோஷம்தான். கேள்வி மட்டும் பழையது. நாளைக்கு அங்கே ஒரு சாவி தொலைந்தால் எத்தனை நாளில் சொல்வார்கள், யாரிடம் சொல்வார்கள்? அந்த அறிக்கை சிறுமலைக்காரர் ஒருவர் படிக்கிற மாதிரி தமிழில், பொதுவில் வருமா? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் காட்டுங்கள். 2014இன் முழுக் கணக்கையும் கூடவே வையுங்கள், பாக்கி இருக்கிறது.