போய்த் திரும்பும் ஓராண்டு

மாண்புமிகு தமிழ்நாடு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் உள்ள அரசுக் கல்லூரிகளில் இளங்கலை பயிலும் ஒரு மாணவி, பட்டப்படிப்பின் ஓராண்டை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துவிட்டு, அந்த ஆண்டு கணக்கில் சேர்க்கப்பட்டு, திரும்பிவந்து அதே கல்லூரியில் பட்டம் பெறுவதற்கு எட்டக்கூடிய வழி எதுவும் இன்று இல்லை. அந்த வழியைத் திறப்பதற்கான அதிகாரத்தில் பெரும்பகுதி தங்கள் துறையிடமே இருப்பதால் இம்மடல் தங்கள் முன் வைக்கப்படுகிறது.

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே முழுப் பட்டத்திற்காக, நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்துக் கடன் பெற்றுப் போவது என்பதே இந்த வட்டாரத்தில் நிலவும் பொருள். ஏழரை லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதால், சொத்தில்லாத குடும்பத்திற்கு அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் மாணவர் பரிமாற்றம் எனப்படும் ஏற்பாடு வேறு வகையானது. இரு பல்கலைக்கழகங்கள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒன்றின் மாணவரை மற்றொன்று ஓரிரு பருவங்களுக்கு ஏற்கும்போது, மாணவர் தம் சொந்தக் கல்லூரிக்கு உரிய கட்டணத்தை மட்டும் செலுத்துவார். ஏற்கும் பல்கலைக்கழகம் தனியே கல்விக் கட்டணம் வாங்காது. எனவே அரசுக் கல்லூரியின் சிறு கட்டணத்தைச் செலுத்தும் மாணவியே இந்த ஏற்பாட்டால் மிகுதியாகப் பயன்பெறக்கூடியவர். அவருக்கு எஞ்சும் செலவு பயணமும் தங்குமிடமும் உணவுமே.

இத்தகைய ஓராண்டு இப்பகுதிக்குப் புதியதும் அன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1960களில் தொடங்கிய இந்திய ஆண்டுத் திட்டத்தின்படி அந்நாட்டு இளங்கலை மாணவர்கள் சிலர், மேடிசன் நகரில் கோடைக்காலத்தில் தமிழ் கற்றுக்கொண்டு, திண்டுக்கல்லிலிருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு வந்து, ஒரு கல்வியாண்டு தமிழ்ச் சூழலில் வாழ்ந்து, களஆய்வு செய்து எழுதிய கட்டுரைக்கும் மதிப்பெண் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். அதற்காக அவர்கள் தம் பட்டப்படிப்பில் ஓராண்டை இழக்க வேண்டியிருக்கவில்லை. அங்கு வழங்கிய விதி அவர்களுக்கு இடம் கொடுத்தது. மதுரை வரை வந்த அந்தப் பாதையில் இங்கிருந்து எதிர்த்திசையில் சென்றவர்கள் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

வெளிநாட்டில் படித்த காலம் ஒருவரை ஊரைவிட்டு விலக்கிவிடும் என்ற அச்சம் பரவலானது, அதில் உண்மையும் ஓரளவு உண்டு. ஆயினும் கிராமப் பொருளாதாரத்திற்கு இந்த நாட்டில் கோட்பாட்டு வடிவம் கொடுத்த ஜே. சி. குமரப்பா, 1920களின் இறுதியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி படித்தபோதுதான், அரசின் வரிக்கொள்கைக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வோடு ஊர் திரும்பியவர் காந்தியடிகளோடு இணைந்து, தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960இல் மறைந்தார். தொலைவிலிருந்து பார்த்ததால்தான் அவருக்கு ஊர் தெளிவாகத் தெரிந்தது என்று கொள்ள இடமுண்டு. மேலும், பரிமாற்ற ஆண்டின் அமைப்பே திரும்புதலை உறுதிசெய்வது. பட்டம் இங்குதான் கிடைக்கும் என்பதால் மாணவர் இங்கு வந்தே ஆகவேண்டும்.

திண்டுக்கல் சமவெளிக்கு இந்த ஓராண்டால் என்ன கிடைக்கும் என்பதை இரண்டு தொழில்களைக் கொண்டு காணலாம். முதலாவது தோல். பச்சைத்தோல் அழுகாமலிருக்க இடப்படும் உப்பும், அதைப் பதப்படுத்தும் குரோமிய உப்புகளும் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கி, நகரைச் சுற்றியுள்ள கிணறுகளைக் கெடுத்த வரலாறு இங்கு அனைவரும் அறிந்தது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தபோது, அந்த ஆலைகள் இருந்த மாவட்டங்களின் பட்டியலில் திண்டுக்கல்லும் இடம்பெற்றது. ஸ்பெயினில் பார்சிலோனாவுக்கு அருகில் அனோயா ஆற்றங்கரையில் இகுவாலதா என்னும் ஊர் இருக்கிறது. நூற்றாண்டுகளாகத் தோல் பதனிட்டு வாழும் அந்த ஊரில், லெய்டா பல்கலைக்கழகம் தோல் தொழில்நுட்பத்தையே பாடமாகக் கற்பிக்கிறது. பேகம்பூர்ப் பகுதியிலிருந்து வேதியியல் படிக்க வரும் ஒரு மாணவர் அங்கு ஓராண்டு கழிவுநீரை ஆராய்ந்துவிட்டு இறுதியாண்டுத் திட்டக் கட்டுரையைத் தம் ஊரின் கிணற்றுநீரைப் பற்றி எழுதுவாரானால், அந்தக் கட்டுரைக்கு வேறு எங்கும் கிடைக்காத மதிப்பு இருக்கும்.

இரண்டாவது பூ. நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகையின் விலை முகூர்த்த நாளில் உச்சத்திற்குச் சென்று, வரத்துப் பெருகும் நாளில் பறிகூலிக்கும் கட்டாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. எஞ்சிய பூ சென்ட் தொழிற்சாலைக்குப் போகிறது. விலையைச் சொல்பவர் பெரும்பாலும் கமிஷன் கடைக்காரர். நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூச்சந்தையோ பூ வளர்ப்போரே உறுப்பினராக உள்ள கூட்டுறவு அமைப்பின் உடைமை. அங்கு ஏலக் கடிகாரத்தின் முள் உயர்ந்த விலையில் தொடங்கிக் கீழிறங்க, முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ கிடைக்கிறது. அந்த முறையை அப்படியே இங்கு பெயர்த்து நட முடியாது. மல்லிகை மொட்டு அரைநாளில் மலர்ந்துவிடும், அங்குள்ள ரோஜாவோ குளிரூட்டப்பட்டு நாள்கணக்கில் நிற்கும். ஆனால் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பிரித்தறிய, நிலக்கோட்டையில் வளர்ந்து பொருளியலோ வணிகவியலோ படிக்கும் ஒரு பெண் அந்நாட்டின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இருந்து பார்ப்பதைவிடச் சிறந்த வழி ஏதும் புலப்படவில்லை.

இனி விதிகள். ஒரு பாடத்திற்குச் செலவிடும் படிப்பு நேரத்தை அளக்கும் அலகு கிரெடிட் எனப்படுகிறது. தமிழ்நாட்டின் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் ஏறத்தாழ 140 கிரெடிட் கொண்டது. ஐரோப்பிய முறையில் ஓராண்டு 60 அலகு. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், இரு நாட்டுக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இணைப்புப் படிப்பில் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டில் பெற இடமளிக்கின்றன. 140இல் 30 விழுக்காடு என்பது 42, அதாவது கிட்டத்தட்ட ஓராண்டுப் படிப்பு. ஆகவே மேலிருந்து வரும் விதி இந்தக் கருத்துக்குப் பகையானதன்று. தடை கீழ்மட்டத்தில் இருக்கிறது. திண்டுக்கல் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்றவை, பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே வகுக்காமல் ஒரு பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்று இயங்குபவை. வெளிநாட்டில் படித்த பாடத்தை இங்குள்ள பாடத்திற்கு நிகராக ஏற்பதற்குப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவை தீர்மானம் இயற்ற வேண்டும்; அத்தீர்மானம் இல்லாதவரை, சென்றுவந்த மாணவியின் இரு பருவப் பாடங்களும் அரியராக நிற்கும், 75 விழுக்காடு வருகைப்பதிவும் இல்லையென்றாகும். விதியளவில் எல்லாம் இந்த ஒரு தீர்மானத்தில்தான் தடைப்பட்டு நிற்கிறது.

பணமும் ஒரு தடையே, எனினும் தாண்ட முடியாததன்று. ஐரோப்பியச் சமூகம் 1987இல் தொடங்கி, இப்போது ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் எராஸ்மஸ் திட்டம், இன்று இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து ஓரிரு பருவங்களுக்கு வரும் மாணவர்க்கும் உதவித்தொகை தருகிறது. அதற்கு முன்நிபந்தனை இருபுறப் பல்கலைக்கழகங்களின் உடன்படிக்கை. கையெழுத்து இல்லாத கல்லூரிக்கு அந்தப் பணம் வராது. ஜெர்மனி போன்ற நாடுகள் விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் இட்டுக் காட்டச் சொல்கின்றன. பத்து லட்ச ரூபாயைத் தாண்டும் இத்தொகைக்கு மாநில அரசே உறுதிக்கடிதம் தரும் முறையை ஆராயலாம். வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்கு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்க்கு 36 லட்ச ரூபாய் வரை வழங்கும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும், அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தையும் நடத்தும் அரசுக்கு இது பழகிய நிர்வாகப் பணியே. முன்னது முழுப் பட்டத்திற்கு உதவுகிறது, பின்னது கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள இந்த ஓராண்டு மட்டும் விடுபட்டிருக்கிறது.

ஆகவே தாங்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களை அழைத்து, இணைவு பெற்ற அரசுக் கல்லூரி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்கும் இரு பருவங்களை ஏற்கும் தீர்மானத்தை அடுத்த கல்விப் பேரவைக் கூட்டங்களில் நிறைவேற்றச் செய்ய வேண்டும் என்றும், முதல் உடன்படிக்கைகளுள் ஒன்றைத் திண்டுக்கல்லிலோ நிலக்கோட்டையிலோ உள்ள அரசு மகளிர் கல்லூரிக்காகச் செய்ய வேண்டும் என்றும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது. முதலாண்டில் ஐந்து பேர் போய்வந்தாலும் போதும்.