செராக்ஸ் கடையில் விசாரியுங்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அச்சுப் புத்தகம் எதற்கு? எல்லாம் கைப்பேசியிலேயே படித்துக்கொள்வார்கள்." கல்லூரி நூலகம் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்கிறவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர் என்பதுதான் வேடிக்கை.

பிள்ளைகளையே கேட்டவர்கள் உண்டு. கலிபோர்னிய நூலகர் டயேன் மிஸ்ராக்கியும் அவருடைய குழுவினரும் 21 நாடுகளில் 10,293 மாணவர்களிடம் விசாரித்து முடிவுகளை 2018-இல் வெளியிட்டார்கள். பாடம் படிக்க அச்சுதான் வேண்டும் என்றவர்களே பெரும்பான்மை. மொழியியலாளர் நவோமி பேரன் இந்தியா உட்பட ஐந்து நாட்டு மாணவர்களிடம் கேட்டார். தாளில்தான் மனம் ஒன்றுகிறது என்றவர்கள் 92 சதவீதம். சரி, விருப்பத்தை விடுங்கள். புரிவது எதில்? ஸ்பெயினின் பாப்லோ டெல்காடோ குழு 54 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், தகவல் நூல்களைப் புரிந்துகொள்ளத் திரையைவிடத் தாளே மேல் என்று தெரிந்தது. 2000 முதல் 2017 வரை ஆண்டு ஏற ஏற அந்த இடைவெளி கூடியும் இருக்கிறது. 'திரையோடு வளர்ந்தவர்கள், பழகிவிடும்' என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்! தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு கல்லூரி வாசல் செராக்ஸ் கடையில் போய் நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் பிரிண்ட் ஆகி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அடிக்கோடு போடும் பேனாவோடு விடுதிக்குப் போகும். அச்சு நூல் வாங்காமல் நூலகம் மிச்சம் பிடித்த காசை மாணவர் தன் பையிலிருந்து கொடுக்கிறார். நூலகக் கணக்கிலோ மின்னூல் பதிவிறக்கம் ஒன்று கூடிவிட்டது! கிடைப்பதை எடுப்பதையும் விரும்பிப் படிப்பதையும் ஒரே பத்தியில் எழுதுகிற கணக்கு இது.

மின்னூலை நான் பழிக்கவில்லை. ஒரு சொல்லைத் தேட, நள்ளிரவில் ஓர் அத்தியாயத்தைப் பார்க்க, பார்வையற்றவர் காதால் படிக்க அதுதான் உதவும். அதைக் காட்டி அலமாரியைக் காலி செய்வதைத்தான் எதிர்க்கிறேன். சந்தா கட்டிய நூல் நம்முடையதும் அல்ல. 2022 ஆகஸ்ட் இறுதியில், வகுப்புகள் தொடங்கும் வேளையில், வைலி பதிப்பகம், நூலகங்கள் சந்தா கட்டும் புரோக்வெஸ்ட் மின்னூல் தொகுப்பிலிருந்து 1,300-க்கும் மேற்பட்ட நூல்களை உருவிக்கொண்டது. நூலகர்கள் கொதித்தெழுந்த பிறகே, அதுவும் சில காலத்துக்கு மட்டும், திருப்பித் தர இசைந்தது. அலமாரியில் இருந்த புத்தகத்தை எந்தப் பதிப்பகம் வந்து எடுத்துப் போயிருக்கிறது?

நூலகக் குழுவினரே, அடுத்த கூட்டத்துக்கு முன் அந்தச் செராக்ஸ் கடைக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவரை புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள்.